கைப்பட்டை எல்லோருக்கும், கணக்கு ஒருவருக்கு

ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தால் முதலில் நயாகரா, அடுத்து ஆர்லாண்டோ என்பது அமெரிக்கத் தமிழ்க் குடும்பங்களில் ஏறக்குறைய எழுதப்படாத சட்டம். ஒரு பக்கம் எழுபதைத் தாண்டிய பெற்றோர், மறுபக்கம் பள்ளிக்கூடப் பிள்ளைகள் என்று இரு தலைமுறையையும் சேர்த்து நானும் டிஸ்னி வேர்ல்டுக்கு அழைத்துப் போயிருக்கிறேன். போகப் போகிறவர்கள் எந்த ரைடில் முதலில் ஏறுவது என்று என்னிடம் கேட்பார்கள். நான் பேச்சைத் தொடங்குவது கைப்பட்டையிலிருந்துதான். அதைச் சரியாக ஏற்பாடு செய்துகொண்டால் பயணத்தில் பாதித் தொல்லை குறையும். பணமும் கைக்குள் நிற்கும்.

டிஸ்னி 2013இல் 'மேஜிக்பேண்ட்' என்ற பெயரில் இதைக் கொண்டுவந்தது. மொத்த ஏற்பாட்டுக்கும் சுமார் 100 கோடி டாலர் செலவானதாக அப்போது செய்திகள் வந்தன. பார்க் வாசலைத் தாண்ட, ஹோட்டல் அறைக் கதவைத் திறக்க, கடையில் பில் போட எல்லாவற்றுக்கும் இந்த ஒரே பட்டைதான். உள்ளே இருக்கும் சிறிய சில்லுக்குச் சொந்தமாக மின்சாரம் தேவையில்லை. ரீடர் அருகே கொண்டுபோனதும் அதிலிருந்தே சக்தியை எடுத்துக்கொள்ளும். 2022இல் வந்த 'மேஜிக்பேண்ட் பிளஸ்' சார்ஜ் போடும் வகை. அதைக் கட்டியிருப்பவர்கள் இரவில் சார்ஜர் தேடி அலைவதைப் பார்த்திருக்கிறேன். அவசியமே இல்லை. சார்ஜ் இறங்கினாலும் வாசல் திறக்கும், அறை திறக்கும், பில்லும் போகும். நிற்பது விளக்கு, அதிர்வு போன்றவைதான்.

ஆளுக்கொன்று வாங்க வேண்டுமா? டிஸ்னி ஹோட்டலில் தங்குபவர்களுக்கு 2021 தொடக்கம் வரை பட்டையை இலவசமாகக் கொடுத்தார்கள், இப்போது காசு. ஆனால் அறையைத் திறக்கும் பிளாஸ்டிக் அட்டை கேட்டால் கிடைக்கும், அதுவே வாசலுக்கும் பில்லுக்கும் போதும். செல்போனிலும் நுழைவுச்சீட்டை வைத்துக்கொள்ளலாம். எங்கள் வீட்டில் பெரியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் பட்டை. எனக்கும் கணவருக்கும் அட்டையும் போனும். அப்பா அட்டையைச் சட்டைப்பையில் வைத்தால் மூக்குக்கண்ணாடி, மாத்திரை, கைக்குட்டை எல்லாவற்றையும் வெளியே எடுத்த பிறகுதான் அது வரும். பின்னால் வரிசை நிற்கும், அவருக்குப் படபடப்பு. கையிலேயே இருந்துவிட்டால் அந்தச் சங்கடம் இல்லை.

அம்மாவுக்கு வேறு பிரச்சினை. இரண்டு கையிலும் வளையல். ரீடரில் உள்ள மிக்கி முகமும் பட்டையில் உள்ள மிக்கி முகமும் ஒன்றோடொன்று ஒட்ட வேண்டும். வளையல் முந்திக்கொண்டு இடித்தால் பட்டை ஒட்டாமல் அந்தரத்தில் நிற்கும். "கண்ணாடி வளையல் உடைஞ்சிருமோன்னு பயமா இருக்குடி" என்றார். வளையல்களை முழங்கைப் பக்கம் ஏற்றிவிட்டு, பட்டையை மணிக்கட்டு எலும்புக்குக் கீழே, முகம் உள்ளங்கைப் பக்கம் வருமாறு கட்டிவிட்டேன். கையைச் சாதாரணமாக நீட்டினாலே போதும், பச்சை விளக்கு எரிந்துவிடும். நீல விளக்கு வந்தால் பதற்றப்பட ஒன்றுமில்லை, ஊழியர் வந்து பார்ப்பார் என்று முன்கூட்டியே சொல்லி வைப்பதும் நல்லது. ஒவ்வொருவருக்கும் வேறு வேறு நிறத்தில் வாங்குங்கள். ஒருவர் பட்டையை மற்றவர் கட்டிக்கொண்டால் வாசலில் நிறுத்திவிடுவார்கள்.

காரணம் கைரேகை. முதல் நாள் நுழையும்போது பதிகிற விரலைத்தான் அடுத்தடுத்த நாட்களிலும் வைக்க வேண்டும். எந்த விரல் என்று நினைவில் இருக்கட்டும். அப்பா வயலில் மண்வெட்டி பிடித்தவர், ரேகை தேய்ந்துபோன விரல். ஊரில் ரேஷன் கடையிலும் அவர் ரேகை லேசில் பதியாது. இங்கும் இரண்டு முறை வைத்துப் பார்த்துவிட்டு, "என்னம்மா, இங்கயும் அதே கதைதானா" என்று என்னைத் திரும்பிப் பார்த்தார். ஊழியர் சிரித்தபடி அடையாள அட்டையைக் கேட்டார், பாஸ்போர்ட்டைப் பார்த்தார், உள்ளே விட்டுவிட்டார். கைரேகை வைக்க விருப்பமில்லாதவர்களும் இப்படிப் புகைப்பட அட்டையைக் காட்டிப் போகலாம். ஆகவே பெரியவர்களின் பாஸ்போர்ட்டை அறையில் விட்டுவிட்டு வராதீர்கள். நம்மவர்களுக்கு இதில் இன்னொரு சிக்கல் உண்டு. குடும்பப்பெயர் இல்லாமல் இனிஷியலோடு வாழ்கிற நமக்குப் பாஸ்போர்ட்டில் ஒரு விதமாகவும், அமெரிக்க விசாவில் 'எஃப்.என்.யு' (முதற்பெயர் தெரியவில்லை) என்று இன்னொரு விதமாகவும் பெயர் இருக்கும். டிஸ்னி செயலியில் பெயரைப் பதியும்போது பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுத்துப் பிசகாமல் எழுதிவிடுங்கள்.

இனி பணம். கைப்பட்டையால் பில் போடும் வசதி டிஸ்னி ஹோட்டலில் தங்குபவர்களுக்கு மட்டும்தான். வெளியே தங்கிவிட்டுப் பகலில் வருகிறவர் எத்தனை டாலருக்குப் பட்டை வாங்கியிருந்தாலும் அதைக் காட்டி ஒரு ஐஸ்கிரீம்கூட வாங்க முடியாது. தங்குபவர்களுக்கு, செலவு அறைக் கணக்கில் ஏறி, செக்-இன் செய்யும்போது கொடுத்த கார்டிலிருந்து கழியும். அந்தச் செக்-இன் நேரத்தில்தான் யார் யார் பட்டையில் செலவு செய்யலாம் என்று தேர்வு செய்ய வேண்டும். என் பரிந்துரை ஒன்றே ஒன்று: குடும்பத்தில் ஒருவருக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். பின் நம்பரும் அவருக்கு மட்டும் தெரியட்டும்.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அனிமல் கிங்டம் லாட்ஜில் 'சனா' என்ற உணவகம் இருக்கிறது. நான் ரொட்டியும் விதவிதமான சட்னிகளும் தட்டில் வைத்துத் தருவார்கள். சைவம் சாப்பிடும் பெற்றோரோடு போகிறவர்களுக்கு நல்ல இடம். சாப்பிட்டு முடித்ததும் பரிமாறியவர் ஒரு சிறிய கருவியைக் கொண்டுவந்தார். அட்டையை ஒட்டினேன், நான்கு எண்ணை அழுத்தினேன், முடிந்தது. அப்பா மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். "காசே கொடுக்கலையேம்மா, எவ்வளவு ஆச்சு?" என்றார். அந்தக் கேள்வியை அங்கே யாரும் கேட்பதில்லை. நோட்டை எண்ணிக் கொடுக்கும்போது எவ்வளவு போகிறது என்று கைக்குத் தெரியும். அட்டையையோ மணிக்கட்டையோ ஒட்டிவிட்டு நகரும்போது தெரிவதில்லை. பட்டியலில் போட்ட விலையின் மேல் ஆரஞ்சு கவுண்டியில் 6.5 சதவீத விற்பனை வரி, உட்கார்ந்து சாப்பிடும் இடத்தில் 18 முதல் 20 சதவீதம் டிப்ஸ். எண்ணை அழுத்துவதற்கு முன் திரையில் உள்ள மொத்தத் தொகையை வாய்விட்டுப் படிக்கும் பழக்கத்தை அன்றிலிருந்து வைத்துக்கொண்டோம். பிள்ளைகளே இப்போது படிக்கிறார்கள்.

பிள்ளைகளுக்குப் பொம்மை வாங்க ஆசை இருக்கும், அதில் தப்பில்லை. குறிப்பிட்ட தொகைக்கு டிஸ்னி கிஃப்ட் கார்டு ஒன்றை ஆளுக்கு வாங்கிக் கையில் கொடுத்துவிடுங்கள். மீதி எவ்வளவு என்று ஒவ்வொரு கடையிலும் அவர்களே கேட்டு, யோசித்து, சில பொருட்களை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வருவதைப் பார்க்க எனக்கு மனநிறைவாக இருந்தது. தினமும் இரவு அறைக் கணக்கைச் சரிபாருங்கள். வரவேற்பு மேசையில் கேட்டால் அச்சிட்டே தருவார்கள். சந்தேகமான தொகையை அன்றே கேட்பது சுலபம், வீடு திரும்பிய பிறகு கேட்பது பெரும்பாடு. பட்டை தொலைந்தால் உடனே செயலியிலோ வரவேற்பு மேசையிலோ சொல்லி முடக்கிவிடலாம். இந்திய கார்டைக் கொடுக்கப் போகிறவர்கள் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை வங்கிச் செயலியில் முன்பே திறந்து வைக்க வேண்டும். அந்நியச் செலாவணிக் கட்டணமாகப் பல வங்கிகள் எடுக்கும் 3.5 சதவீதம் வரையிலான தொகையையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கைப்பட்டை உண்மையிலேயே தேவைப்படும் இடம் நீர்ப்பூங்கா. ஆர்லாண்டோவிலேயே, 2017இல் திறந்த யுனிவர்சல் நிறுவனத்தின் வால்கனோ பே பூங்காவில் 'டாப்புடாப்பு' என்ற பட்டையை நுழைவாயிலிலேயே கொடுத்து, வெளியேறும்போது திரும்ப வாங்கிக்கொள்வார்கள். சறுக்குமரத்தில் வரிசையில் நிற்காமல் பட்டையில் முறை பதிந்துவிட்டுக் குளத்தில் இருக்கலாம். நம் முறை வந்ததும் பட்டையே சொல்லும். லாக்கரும் அதில்தான் திறக்கும். ஈர உடையில் பர்ஸும் போனும் எங்கே வைப்பது என்ற கவலை அங்கே முற்றாக இல்லை.

ஒரு விஷயம் மட்டும் எனக்கு இன்னும் உறுத்துகிறது. நாம் எங்கே போனோம், என்ன வாங்கினோம், பிள்ளைகள் எதில் ஏறினார்கள் என்பதெல்லாம் ஒரு நிறுவனத்திடம் சேர்கிறது. 2013 ஜனவரியில், மேஜிக்பேண்ட் வருவதற்கு முன்பே, எட்வர்ட் மார்க்கி என்ற அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர் குழந்தைகளின் தகவல்களைப் பற்றி டிஸ்னித் தலைவருக்குக் கடிதம் எழுதிக் கேட்டார். அந்தக் கவலை நியாயமானது என்றே நினைக்கிறேன். வேண்டாம் என்பவர்கள் சாதாரண அட்டையிலேயே இருந்துவிடலாம். பட்டையில் இருப்பதுபோல் தூரத்திலிருந்து படிக்கக்கூடிய ரேடியோ அட்டையில் இல்லை.

பெற்றோரை அழைத்துப் போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். பட்டை வந்ததும் வீட்டிலேயே அவர்கள் கையில் கட்டி, எதற்கு, எங்கே ஒட்ட வேண்டும், யார் பணம் கொடுக்கிறார்கள் என்று பொறுமையாகச் சொல்லிவிடுங்கள். வாசலில், வெயிலில், வரிசை தள்ளும்போது அதையெல்லாம் சொல்லிக்கொடுக்க நேரமிருக்காது.