மலிவு விலை எல்.இ.டி. டி.வி.: வாங்கியவர்கள் சொல்வதும் நாம் பார்க்க வேண்டியதும்



இன்று டி.வி. இல்லாத மளிகைக் கடையைக் காண்பது அரிது. கல்லாவுக்கு எதிரே கிரிக்கெட்டுக்கு ஒன்று, குடோனில் கேமரா படம் பார்க்க ஒன்று, வீட்டில் ஒன்று என்று ஆகிவிட்டது. 2006-ல் அமைந்த அரசு வீட்டுக்கு வீடு கொடுத்த 14 அங்குல இலவச கலர் டி.வி. கூடப் பல வீடுகளில் வருடக்கணக்கில் ஓடியது. அந்த பிக்சர் டியூப் டி.வி.யின் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு, பத்துப் பன்னிரண்டாயிரம் ரூபாய்க்கு ஒரு தட்டை டி.வி.யை வாங்கி மாட்டுகிறோம். இரண்டாம் வருடமோ மூன்றாம் வருடமோ சத்தம் மட்டும் வருகிறது, படம் வருவதில்லை. மண்டிக்குச் சரக்கு எடுக்க வரும் சில்லறைக் கடைக்காரர்களிடம் நாம் விசாரித்த வகையில், பத்தில் ஆறு ஏழு பேர் இதே கதையைத்தான் சொல்கிறார்கள். ஆகவே இந்தச் சரக்கைப் பற்றி, நமக்குத் தெரிந்த அளவில், நம் தொழில் பார்வையிலேயே கொஞ்சம் பார்க்கலாம்.

முதலில் பெயரைப் பார்ப்போம். எல்.இ.டி. டி.வி. என்று சொல்வது உண்மையில் எல்.சி.டி. டி.வி.தான். முன்னால் இருக்கும் கண்ணாடித் திரை தானாக ஒளி விடாது. அதன் பின்னால் விளக்கு எரிந்தால்தான் படம் தெரியும். முன்பு அந்த விளக்கு மெல்லிய டியூப் லைட்டாக இருந்தது, இப்போது எல்.இ.டி. பல்புகளாக மாறியிருக்கிறது. மலிவு ரக 32 அங்குல டி.வி.யில் இந்தப் பல்புகளை இரண்டு அல்லது மூன்று பட்டைகளில் வரிசையாக வைத்துத் திரைக்குப் பின்னால் ஒட்டியிருப்பார்கள். திருவிழா சீரியல் பல்பு எப்படியோ அப்படித்தான் இதுவும். பெரும்பாலும் ஒன்று போனால் வரிசை முழுவதும் போய்விடும். சத்தம் வந்து படம் வராததற்கு அநேகமாக இதுவே காரணம். இருட்டில் டார்ச் லைட்டைத் திரைக்கு மிக அருகில் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். மங்கலாக உருவங்கள் அசைவது தெரிந்தால் திரை நன்றாக இருக்கிறது, விளக்குத்தான் போயிற்று என்று அர்த்தம்.

இதைத் தெரிந்துகொள்வதால் என்ன லாபம் என்றால், மெக்கானிக் "பேனல் போச்சு, புதுசு வாங்கிக்கோங்க" என்று சொல்லும்போது நாம் பதில் கேள்வி கேட்கலாம். விளக்குப் பட்டையின் விலை டி.வி. விலையோடு ஒப்பிட்டால் சொற்பம். ஆனால் பட்டையை மாற்றக் கண்ணாடித் திரையைக் கழற்றி எடுக்க வேண்டும். அது அப்பளம் மாதிரி. கை பிசகினால் உடையும். உடைந்தால் யார் பொறுப்பு என்பதை டி.வி.யைத் தூக்கிக் கொடுக்கும் முன்பே பேசிக்கொள்ள வேண்டும். எரிந்த பல்பை மட்டும் மாற்றுவதை விட எல்லாப் பட்டைகளையும் சேர்த்து மாற்றுவதே மேல். மற்றவையும் அதே வயது ஓடியவைதானே.

திரையே போய்விட்டால் கதை வேறு. மேலிருந்து கீழாகக் கோடு விழுவது, பாதித் திரை வெளுப்பது, அடிபட்டு மை சிந்தியது போல் கறுப்பது எல்லாம் திரை சம்பந்தப்பட்டவை. டி.வி.யின் அடக்க விலையில் பெரும்பங்கு திரைக்குத்தான். மலிவு டி.வி.யில் திரை மாற்றும் செலவு புது டி.வி. விலையை நெருங்கிவிடும். உடைந்த திரைக்கு எந்த வாரண்டியும் வராது. இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. ஈரத் துணியால் அழுத்தித் துடைத்தோ, கண்ணாடி துடைக்கும் திரவத்தை நேரே திரையில் பீய்ச்சியோ சுத்தம் செய்கிறோம். தண்ணீர் வழிந்து அடி விளிம்பில் இறங்குகிறது. மெல்லிய இணைப்புப் பட்டைகள் பெரும்பாலும் அந்த விளிம்பில்தான் இருக்கின்றன. அதில் ஈரம் பட்டுத்தான் பல டி.வி.க்களில் கோடு விழுகிறது. காய்ந்த மெல்லிய துணியே போதும்.

நம் கடைகளில் இதற்கு மேலும் ஒரு தொல்லை உண்டு. மிளகாய்த் தூள், மாவுத் தூசி, பின்பக்கச் சந்தில் எறும்பு, பல்லி. இதமான சூடு இருக்கும் இடத்தைப் பல்லி தேடி வரும். உள்ளே போர்டில் ஏறினால் ஷார்ட்தான். மாவு மெஷின் இருக்கும் பக்கமோ, வத்தல் மூட்டை அடுக்கும் பக்கமோ டி.வி.யை மாட்டாதீர்கள்.

அடுத்தது படத்தின் தரம். "எச்.டி. டி.வி. என்றுதான் வாங்கினேன் அண்ணாச்சி, பழைய டி.வி.யில் இதைவிடத் தெளிவாகத் தெரிந்தது" என்று ஒரு தம்பி குறைப்பட்டுக்கொண்டார். விசாரித்தால், கேபிள் பெட்டியிலிருந்து மஞ்சள், சிவப்பு, வெள்ளை என்று மூன்று முனை ஒயர்தான் போகிறது. அந்த ஒயரில் வரும் சாதாரண சானல் படத்தில் 720-க்கு 576 என்ற கணக்கில் சுமார் 4 லட்சம் புள்ளிகள்தான் இருக்கும். எச்.டி. ரெடி என்று விற்கும் 32 அங்குலத் திரையில் 1366-க்கு 768 என்ற வகையில் ஏறத்தாழ பத்தரை லட்சம் புள்ளிகள். ஃபுல் எச்.டி.யில் 1920-க்கு 1080, அதாவது 20 லட்சத்துக்கு மேல். நாலு படி பாலில் ஆறு படி தண்ணீர் விட்டுப் பத்து படியாக விற்றால் எப்படி இருக்கும்? அதே கதைதான். எச்.டி. சானலும் எச்.டி. பெட்டியும் எச்.டி.எம்.ஐ. ஒயரும் மூன்றும் சேர்ந்தால்தான் கொடுத்த காசுக்குப் படம் வரும்.

அவரிடமே இன்னொரு குறையும் இருந்தது. நடிகர்கள் எல்லாம் குண்டாகத் தெரிகிறார்களாம். பழைய படம் 4-க்கு 3 அளவில் எடுத்தது. புதுத் திரை 16-க்கு 9. இழுத்துப் பரப்பினால் முகம் அகலமாகத்தான் ஆகும். ரிமோட்டில் பட அளவை 4:3 என்று மாற்றினால் இரு ஓரமும் கறுப்பாக வரும், உருவம் சரியாகிவிடும். ஷோரூமில் பளபளவென்று காட்ட வைத்திருக்கும் விவிட் என்ற அமைப்பையும் மாற்றிவிடுங்கள். ஒளியை, முக்கியமாகப் பின்விளக்கின் அளவை, பாதிக்குக் கொஞ்சம் மேலே வைத்தால் வீட்டுக்குத் தாராளமாகப் போதும். விளக்குப் பட்டையின் ஆயுளும் கூடும், கரண்டும் குறையும்.

சத்தத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தட்டையான பெட்டிக்குள் சின்ன ஸ்பீக்கர் கீழ்நோக்கி வைத்திருக்கிறார்கள், வசனம் தெளிவாகக் கேட்காது. இந்த விலையில் எல்லாக் கம்பெனியும் ஏறக்குறைய ஒன்றுதான்.

ஸ்மார்ட் டி.வி. விஷயத்தில் மட்டும் ஒரு எச்சரிக்கை. 2018 மார்ச்சில் ஷியோமி கம்பெனி 32 அங்குல ஸ்மார்ட் டி.வி.யை 13,999 ரூபாய்க்கு இறக்கிய பிறகு, மலிவு டி.வி. என்றாலே ஸ்மார்ட் என்றாகிவிட்டது. ஆனால் கூகுளின் முறையான அனுமதி பெற்ற ஆண்ட்ராய்டு அல்லது கூகுள் டி.வி. வேறு, போனுக்கான ஆண்ட்ராய்டை டி.வி.யில் ஏற்றி விற்பது வேறு. பின்னதில் சில ஆப்கள் வேலையே செய்யாது. 1 ஜி.பி. நினைவகம் உள்ளவை நாளாக நாளாக மாடு ஏர் இழுப்பது போல் நகரும். அப்போது டி.வி.யையே மாற்றத் தேவையில்லை. எச்.டி.எம்.ஐ. துளையில் செருகும் ஸ்டிக் ஒன்று வாங்கிக்கொண்டால் போதும்.

கேமராவுக்கு மாட்டும் டி.வி. தனி ரகம். காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை 16 மணி நேரம் ஓடுகிறது. 50 வாட்ஸ் என்று வைத்துக்கொண்டால் நாளைக்கு முக்கால் யூனிட்டுக்கு மேல், இரண்டு மாத பில்லில் 48 யூனிட், அதுவும் கடை இணைப்பின் வணிகக் கட்டணத்தில். பணத்தை விட முக்கியம், வீட்டு டி.வி. தினம் நாலைந்து மணி நேரம் பார்க்கும் கணக்கில் செய்யப்படுவது. 16 மணி நேரம் ஓட்டினால் மூன்று வருட ஓட்டம் ஒரே வருடத்தில் முடிந்துவிடும். பல கம்பெனிகளின் வாரண்டி அட்டையில் வீட்டு உபயோகத்துக்கு மட்டுமே என்று பொடி எழுத்தில் போட்டிருக்கிறார்கள். கேமராவுக்கு 20 அல்லது 22 அங்குல கம்ப்யூட்டர் மானிட்டரே போதும் என்பது நமது அபிப்பிராயம். ஏற்கெனவே டி.வி. மாட்டியிருந்தால், ஆள் பார்க்காத நேரத்தில் அணைத்து வையுங்கள். டி.வி. அணைந்திருந்தாலும் பெட்டியில் பதிவு நடந்துகொண்டுதான் இருக்கும்.

இனி பில். நம்மில் சிலர் இதில்தான் கோட்டை விடுகிறார்கள். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது டி.வி.க்கு 28 சதவீத வரி. 2019 ஜனவரி 1 முதல் 32 அங்குலம் வரை 18 ஆயிற்று. 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய அளவுகளும் 18-க்கு வந்துவிட்டன. 11,800 ரூபாய் பில்லில் 1,800 ரூபாய் வரி. கடைக்கென்றே வாங்கினால், வழக்கமான முறையில் வரி கட்டுகிறவர்கள் கடையின் ஜி.எஸ்.டி. எண்ணைப் பில்லில் போட்டு அதை உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொள்ளலாம். காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்களுக்கு இது கிடையாது. வீட்டு டி.வி.க்கும் கடை எண்ணைப் போட்டு வரி எடுப்பது சட்டப்படி கூடாது. தவிர, அதில் வேறு ஒரு நஷ்டமும் உண்டு. கடை பெயரில் பில் இருந்தால் வணிக உபயோகம் என்று சொல்லி வாரண்டியை மறுக்கக் கம்பெனிக்கு வழி கிடைக்கிறது. 2019-ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலும் வணிக நோக்கத்துக்காக வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார். சொந்த உழைப்பில் பிழைப்புக்காகச் சிறு தொழில் செய்கிறவருக்கு மட்டும் விலக்கு உண்டு. 1,800 ரூபாயைப் பார்த்து 11,800-ஐ விட்டுவிடக் கூடாது. வீட்டுக்கு வாங்குவதை வீட்டுப் பெயரிலேயே வாங்குங்கள்.

கம்பெனிக்காரர்கள் ஸ்கீமில் கொடுக்கும் பரிசு டி.வி.க்கும் பில் நகலும் முத்திரையிட்ட வாரண்டி அட்டையும் கேட்டு வாங்க வேண்டும். "இத்தனை கேஸ் எடுத்தால் டி.வி." என்றதும் தேவைக்கு மேல் சரக்கைத் தூக்கிக் குடோனில் போடுகிறோம். பிறகு டி.வி. பழுதானால் யாரிடம் போவது என்று தெரியாமல் விழிக்கிறோம். ஒரே கம்பெனியிடமிருந்து ஒரு வருடத்தில் இப்படி வரும் பொருள்களின் மதிப்பு 20,000 ரூபாயைத் தாண்டினால், 2022 ஜூலை 1 முதல் 10 சதவீத வருமான வரிப் பிடித்தமும் உண்டு என்பது நினைவிருக்கட்டும்.

பெட்டியைப் பார்க்கும் விதம் நமக்குப் புதிதல்ல. பருப்புப் பொட்டலத்தில் தயாரிப்பாளர் முகவரி, மாதம், வருடம், உயர்ந்தபட்ச விலை எல்லாம் இருக்கிறதா என்று பார்த்துத்தானே ரேக்கில் அடுக்குகிறோம்? டி.வி. பெட்டியிலும் அவை இருக்க வேண்டும். பின்பக்க ஸ்டிக்கரில் பி.ஐ.எஸ். பதிவு எண் இருக்க வேண்டும். "ஏ பிளஸ் பேனல்", "இம்போர்டட் பேனல்" என்று வாயால் சொல்வதற்கு மதிப்பில்லை, முதல் ரகம் என்று எழுதாத மூட்டையே நம் தெருவில் கிடையாது! "4கே சப்போர்ட்" என்று பெரிதாகப் போட்டிருந்தாலும் 3840-க்கு 2160 என்ற எண் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய வெளிநாட்டுப் பெயர் இருப்பதாலேயே மயங்க வேண்டாம். கோடாக், தாம்சன் பெயர்களில் நம் நாட்டில் வந்த டி.வி.க்களை உரிமம் பெற்று இந்தியக் கம்பெனிதான் தயாரித்தது. இதில் தவறு ஒன்றும் இல்லை, ஆனால் சர்வீஸ் யார், எந்த ஊரில் என்பதை அந்தக் கம்பெனியிடம்தான் கேட்க வேண்டும். மெக்கானிக் வீட்டுக்கு வருவாரா, நாம் தூக்கிக்கொண்டு போக வேண்டுமா என்பதே முதல் கேள்வி. நமது வாடிக்கையாளர் ஒருவர் 55 கிலோமீட்டர் தள்ளி இருந்த சர்வீஸ் சென்டருக்கு மூன்று நடை போனார். ஒவ்வொரு நடைக்கும் கடையை அரை நாள் சாத்தினார். அந்த வியாபார நஷ்டத்தைக் கூட்டினால், இரண்டாயிரம் ரூபாய் அதிகம் கொடுத்து உள்ளூரில் சர்வீஸ் உள்ள டி.வி.யை வாங்கியிருக்கலாம்.

வாரண்டிக்குள் பழுதாகி, கம்பெனி இழுத்தடித்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்யலாம். அதிலும் நடக்கவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை. இரண்டு வருடத்துக்குள் மனுக் கொடுக்க வேண்டும். பில், வாரண்டி அட்டை, புகார் எண் மூன்றும் கையில் இருக்க வேண்டும். சூட்டில் அச்சடிக்கும் பில் தாளில் எழுத்து ஆறு மாதத்தில் வெளுத்துவிடும் என்பது நமக்குத் தெரியாததா? வாங்கிய அன்றே ஒரு ஜெராக்ஸ் எடுத்துப் பழைய கணக்கு நோட்டுகளோடு வைத்துவிடுங்கள்.