பாட்டியின் வேகத்துக்கு ஒரு தெரு



ஒரு பீம் டிசைன் பண்ணச் சொன்னால் நாம் முதலில் கேட்பது, "லோடு எவ்வளவு?" ரோடு வளைவு டிசைன் பண்ணச் சொன்னால், "எந்த வண்டி திரும்பப் போகுது?" கார் என்றால் ஒரு ஆரம், நீளமான லாரி என்றால் வேறு ஆரம். சரி, நடைபாதை டிசைன் பண்ணச் சொன்னால்? நடக்கப் போறவர் யார், அவருக்கு வயசு என்ன என்று யாராவது கேட்கிறோமா?

நாம் கேட்காவிட்டாலும் கணக்குக்குள் ஒரு ஆள் இருக்கிறார். அவர் வேகமாக நடப்பார், படி ஏறுவார், பள்ளத்தைத் தாண்டுவார். அதாவது நம்ம வயசு ஆள். அவருக்குப் பதிலாக ஒரு 70 வயசுப் பாட்டியை வைத்துக் கணக்குப் போட்டால் தெரு எப்படி மாறும்? அதைத்தான் இந்தப் பாடத்தில் பார்க்கப் போறோம்.

1. எவ்வளவு நடக்கணும்?

உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, 65 வயதைத் தாண்டியவர்களுக்கும் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடல் உழைப்பு தேவை. ஒரு நாளைக்குப் பிரித்தால் சுமார் 21 நிமிடம். கீழே விழாமல் இருக்க, உடம்பின் சமநிலைக்கும் தசை பலத்துக்கும் தனியாகப் பயிற்சி வேணும்னும் அது சொல்கிறது.

இந்த 21 நிமிடத்துக்கு ஜிம் தேவையில்லை. காய்கறிக் கடைக்குப் போக 10 நிமிடம், வர 10 நிமிடம், அவ்வளவுதான். பாட்டியின் வேகம் விநாடிக்கு 0.8 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 10 நிமிடத்தில் 480 மீட்டர் போவார். ஆக, வீட்டிலிருந்து சுமார் 500 மீட்டருக்குள் ஒரு கடை, ஒரு கோயில், ஒரு பார்க் அல்லது பஸ் ஸ்டாப் இருக்கணும். நம்ம ஊர்களில் தெருமுனைக் கடையும் பிள்ளையார் கோயிலும் ஏற்கெனவே இருக்கு. தூரம் பிரச்சினை இல்லை. அங்கே போய்ச் சேரும் வழிதான் பிரச்சினை.

2. சிக்னலில் காணாமல் போகும் 6 விநாடி

சாலையைக் கடப்பவரின் வேகம் விநாடிக்கு 1.2 மீட்டர் என்று எடுத்துக்கொள்வது வழக்கம். 14 மீட்டர் அகலச் சாலையைக் கடக்க 14 ÷ 1.2 = 11.7 விநாடி. பாட்டிக்கு 14 ÷ 0.8 = 17.5 விநாடி. சிக்னல் 11.7 விநாடியில் மாறினால், பாட்டி அப்போதுதான் 9.3 மீட்டர் தாண்டியிருப்பார். மீதி 4.7 மீட்டர் வண்டிகளுக்கு நடுவில்!

இந்த 0.8 சும்மா எடுத்த எண் இல்லை. இங்கிலாந்தில் 65 வயதுக்கு மேற்பட்டவர்களைப் பற்றி 2012-ல் வெளியான ஆய்வில் சராசரி வேகம் ஆண்களுக்கு 0.9, பெண்களுக்கு 0.8 மீட்டர். ஆண்களில் 76 சதவீதமும் பெண்களில் 85 சதவீதமும் 1.2-ஐ எட்டவில்லை. அதாவது அந்த எண் பெரும்பாலான முதியவர்களுக்குப் பொருந்தவே இல்லை.

இதற்கு மூன்று தீர்வுகள் உண்டு.

முதலாவது, எண்ணையே மாற்றுவது. அமெரிக்கா தன் சிக்னல் கையேட்டில் 2009-ல் வேகத்தை விநாடிக்கு 4 அடியிலிருந்து 3.5 அடியாகக் குறைத்தது.

இரண்டாவது, தேவைப்படுபவருக்கு மட்டும் கூடுதல் நேரம் தருவது. சிங்கப்பூரின் 'கிரீன் மேன் பிளஸ்' சிக்னலில், மூத்த குடிமக்கள் தங்கள் கார்டை வைத்தால், சாலை அகலத்தைப் பொறுத்து 3 முதல் 13 விநாடி வரை பச்சை நீளும்.

மூன்றாவது, நம்ம ஊருக்கு ரொம்பப் பொருத்தமானது. மீடியனில் நின்று இளைப்பாற இடைவெளி விடுவது. 7 மீட்டர் கடக்க 8.75 விநாடி போதும். நின்று, மூச்சு வாங்கி, அடுத்த பச்சையில் மீதியைக் கடக்கலாம்.

நடை மேம்பாலம் கட்டினால் போதாதா? கீழே 5.5 மீட்டர் இடைவெளி விடணும். ஒரு படி 15 செ.மீ. என்றால், ஏற 37 படி, இறங்க 37 படி. லிஃப்ட் இல்லாத, அல்லது லிஃப்ட் ஓடாத மேம்பாலம் பாட்டிக்கு ஒரு சுவர்தான்.

3. 15 செ.மீ.

இந்தியச் சாலைக் காங்கிரஸின் ஐஆர்சி 103 (2012) கையேடு, நடைபாதையில் தடையில்லாத அகலம் குறைந்தது 1.8 மீட்டர் இருக்கணும், உயரம் 150 மி.மீ.-ஐத் தாண்டக் கூடாது என்கிறது. இரண்டு சக்கர நாற்காலிகள் எதிரெதிரே வந்தாலும் போக முடியும் என்பதால்தான் 1.8.

நடைமுறையில் என்ன நடக்குது? ஒவ்வொரு வீட்டு கேட்டுக்கும் நடைபாதையை வெட்டி இறக்கிவிடுகிறோம். பத்து வீடு தாண்டினால் பத்து தடவை இறங்கி ஏறணும். முட்டி வலி உள்ளவர் என்ன செய்வார்? ரோட்டில் இறங்கி நடப்பார். அதைப் பார்த்து, "நடைபாதை இருந்தும் யூஸ் பண்ண மாட்டேங்கிறாங்க" என்று நாமே சொல்வோம். சரியான டிசைனில் நடைபாதை ஒரே மட்டத்தில் போகும். வண்டிதான் அதன் மேல் ஏறி இறங்கணும்.

சாய்தளத்திலும் ஒரு சிக்கல் இருக்கு. 1:12 சரிவு என்றால் 150 மி.மீ. உயரத்துக்கு 1.8 மீட்டர் நீளம் தேவை. நம் நடைபாதையின் மொத்த அகலமே அதுதானே! ஆகவே மூலையில் நடைபாதை முழுவதையும் மெதுவாகத் தாழ்த்தணும், அல்லது கடக்கும் இடத்தில் ரோட்டையே நடைபாதை மட்டத்துக்கு உயர்த்தணும். உயர்த்தினால் வண்டிகளும் வேகத்தைக் குறைக்கும். ஒரு கல்லில் இரண்டு மாங்காய்.

4. உட்கார ஓர் இடம்

"வழியில உட்கார இடம் இல்லையேப்பா" என்று பெரியவர்கள் சொல்வதைக் கேட்டிருப்பீங்க. பிரிட்டன் வழிகாட்டுதல் ஒன்று, மக்கள் அதிகம் நடக்கும் இடங்களில் 50 மீட்டருக்கு ஒரு இருக்கை வேணும் என்கிறது. வேப்ப மரம், புங்க மரம் நிழலில் சாய்மானமும் கைப்பிடியும் உள்ள ஒரு பெஞ்ச் போதும். கையை ஊன்றி எழுந்திருக்கணுமே, அதற்குத்தான் கைப்பிடி. கூடவே தெருவிளக்கும், சுத்தமான கழிப்பறையும் இருந்தால் நடைதூரம் தானாகக் கூடும்.

5. நம்ம ஊரில் முடியுமா?

முடியும். சென்னை மாநகராட்சி 2014-லேயே மோட்டார் இல்லாப் போக்குவரத்துக்கு ஒரு கொள்கை கொண்டுவந்தது. 2019-ல் தி.நகர் பாண்டி பஜாரில் அகலமான நடைபாதையும் இருக்கைகளும் வந்தன. ஆனால் பாட்டி தினமும் பாண்டி பஜாருக்கா போகிறார்? அவருடைய 480 மீட்டர், வீட்டு வாசலிலிருந்து தொடங்குது. அந்த வழியில் ஒரே ஒரு இடத்தில் திறந்த சாக்கடையோ, நிறுத்தி வைத்த பைக்கோ இருந்தால் போதும், மொத்தப் பாதையும் அறுந்துபோகும். வெளியே போவது குறைந்தால் கால் பலம் குறையும். பலம் குறைந்தால் வேகம் குறையும். வேகம் குறைந்தால் சாலை இன்னும் பயமுறுத்தும். இந்தச் சுழல் மருந்தால் மட்டும் நிற்காது. இதில் சிவில் இன்ஜினியருக்கும் வேலை இருக்கு.

பயிற்சி

இந்த வாரம் ஒரு டேப்பும் மொபைல் ஸ்டாப்வாட்சும் எடுத்துக்கோங்க. உங்க வீட்டுப் பெரியவர் ஒருவரோடு, அவர் அடிக்கடி போகும் இடத்துக்கு அவர் வேகத்திலேயே நடந்து போங்க. நான்கு விஷயங்களைக் குறிங்க:

அ) 10 மீட்டர் நடக்க எத்தனை விநாடி?
ஆ) நடைபாதையின் மிகக் குறுகிய இடத்தில் அகலம் எவ்வளவு?
இ) எத்தனை தடவை ஏறி இறங்க வேண்டியிருந்தது? மிக உயரமான படி எவ்வளவு?
ஈ) எங்கே நின்றார், எதைப் பிடித்துக்கொண்டு நின்றார்?

நான்காவதை நல்லா கவனிங்க. அவர் பிடித்துக்கொண்டு நின்ற அந்த இடத்தில்தான் பெஞ்ச் வரணும்.