பழைய கம்ப்யூட்டரை மாற்றுவதா, வைத்துக்கொள்வதா?

உழவு மாடு வாங்கச் சந்தைக்குச் செல்லும் குடியானவர் மாட்டின் வயதை மாத்திரம் கேட்டுவிட்டு விலை பேசுவதில்லை. பல்லைப் பிடித்துப் பார்க்கிறார். நடக்கவிட்டுக் குளம்பைக் கவனிக்கிறார். கழுத்தில் நுகத்தடிப் புண் உண்டா என்று தடவிப் பார்க்கிறார். அதே குடியானவர் தம் வீட்டு மேஜைமேல் உள்ள கம்ப்யூட்டரைப் பற்றிப் பேசும்பொழுது, “வாங்கிப் பத்து வருஷத்துக்கு மேலாகிவிட்டது, இனி உதவாது” என்று ஒரே வாக்கியத்தில் முடிவு கட்டிவிடுகிறார். கடைக்காரர் அதை மறுத்துப் பேசுவார் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. வயது ஒரு குறியே தவிர வியாதி அன்று. யந்திரத்தின் எந்த அங்கம் தளர்ந்திருக்கிறது, அது செய்ய வேண்டிய வேலை என்ன என்னும் இரண்டையும் அறியாமல் செய்யும் மாற்றத்தினால் பணம் வீணாவதுடன், சில சமயங்களில் பல வருஷத்துக் கணக்கும் போய்விடுகிறது.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். காவிரிப் பாசனப் பகுதியில் ஐந்து ஏக்கரில் விதை நெல் சாகுபடி செய்யும் ஒருவரிடம் 2014-ஆம் வருஷத்தில் வாங்கிய யந்திரம் இருக்கிறது. இன்டெல் ஐ3-4130 ப்ராஸஸர், 4 ஜி.பி. ரேம், 500 ஜி.பி. ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10 ஆகியவை அதன் உறுப்புகள். சாகுபடி வரவு செலவு, ஆள் கூலி, குத்தகைக் கணக்கு, விதைப்பண்ணைப் பதிவு, சிட்டா அடங்கல் நகல் எடுத்தல், பாங்கிக் காரியம் ஆகியவற்றுக்கு அது உபயோகமாகிறது. காலையில் பொத்தானை அழுத்திவிட்டுத் தொழுவத்துக்குப் போய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டித் திரும்பினாலும் திரை தயாராவதில்லை. சம்பா அறுவடைப் பணம் கையில் இருக்கிறது. அதில் புதிய யந்திரம் வாங்கினால், கோடையில் போர்வெல் மோட்டாரைத் தூக்கிக் காயில் கட்ட வைத்திருந்த தொகை குறைந்துபோகும். வேளாண்மைக் கல்லூரியில் படிக்கும் மகளோ, இந்த யந்திரத்தில் தன் பாடத்துக்குரிய எதுவும் ஓடவில்லை என்று சொல்லுகிறாள்.

இந்நிலையில் முதலில் செய்யத்தக்கது வாங்குவதும் அன்று, பழுது பார்ப்பதும் அன்று, நகல் எடுப்பது. யந்திரத்தைக் கடையில் வாங்கலாம். பதினொரு வருஷத்துக் குத்தகைக் கணக்கை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. ஹார்ட் டிஸ்கினுள் தகடு சுழன்றுகொண்டேயிருக்கிறது. அதன் சிறு பகுதிகள் கெடக் கெட, யந்திரம் தானே அவற்றை ஒதுக்கி, உதிரியாக வைத்துள்ள பகுதிகளில் எழுதிக்கொள்ளும். வயலில் களர் பட்ட இடத்தை விட்டுவிட்டு உழுவதைப் போன்றது இது. வெளியே ஒன்றும் தெரியாது. ஆயினும் இந்த எண்ணிக்கையை ‘ஸ்மார்ட்’ என்னும் பதிவில் டிஸ்க் தானாகவே குறித்து வருகிறது. அதைக் காட்டும் இலவச நிரல்கள் உண்டு. ‘ரீஅலோகேட்டட் செக்டர்’, ‘பெண்டிங் செக்டர்’ என்னும் இரு வரிகளில் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால், அந்த டிஸ்கை ஒரு நாளும் நம்பக்கூடாது. ‘டக், டக்’ என்று ஓசை எழுமாயின் உடனே நிறுத்திவிட வேண்டும். மறுபடி மறுபடி ஓட்டிப் பார்ப்பது மீளக்கூடியதையும் மீளாமற் செய்துவிடும்.

நகல் இரண்டு வேண்டும். அவற்றுள் ஒன்று வேறிடத்தில், உறவினர் வீட்டிலோ இன்டர்நெட் வழிச் சேமிப்பிலோ, இருக்க வேண்டும். எடுத்த நகலை வேறொரு யந்திரத்தில் திறந்து பார்த்தாலொழிய அது நகல் என்று கொள்ளத்தக்கதன்று. தமிழில் எழுதிய பழைய காகிதங்களைப் பொறுத்தவரை இங்கு ஒரு சிக்கல் உண்டு. வானவில், பாமினி முதலிய பழைய எழுத்துருக்களில் அடித்தவை, அந்த எழுத்துரு இல்லாத யந்திரத்தில் பொருளற்ற குறிகளாகத் தோன்றும். தமிழ்நாடு அரசு 2010-இல் யூனிகோடு முறையைத் தரமாக ஏற்றுக்கொண்டபோதிலும், அதன் பின்னரும் பழைய எழுத்துருவிலேயே எழுதி வந்தவர்கள் பலர். ஆகவே எழுத்துருக் கோப்புகளையும் உடன் நகலெடுத்துக்கொண்டு, முக்கியமான காகிதங்களை யூனிகோடுக்கு மாற்றி வைத்துக்கொள்வது நலம்.

இனி நோயை அறியும் வழியைப் பார்ப்போம். யந்திரம் மந்தமாக இருக்கும் சமயத்தில் கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருங்கே அழுத்தினால் ‘டாஸ்க் மானேஜர்’ திறக்கும். அதில் ப்ராஸஸர், ரேம், டிஸ்க் ஆகியவை ஒவ்வொன்றும் தன் சக்தியில் நூற்றுக்கு எத்தனை பங்கு உழைக்கிறது என்று தெரியும். ஒரு முறை பார்த்து முடிவு செய்யாமல், வழக்கமான வேலைகளை வழக்கம்போலச் செய்துகொண்டே மூன்று நான்கு நாள் குறித்து வர வேண்டும். மேலே கூறிய குடியானவரின் யந்திரத்தைப் போன்றவற்றில் பெரும்பாலும் காணப்படுவது இதுதான்: ப்ராஸஸர் 20, 30 பங்கில் சோம்பியிருக்கும், டிஸ்க் மட்டும் 100 பங்கில் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்.

காரணம் எளிது. நிமிஷத்துக்கு 7,200 சுற்றுச் சுற்றும் தகடு ஒரு வினாடியில் 120 சுற்றே சுற்றுகிறது. வேண்டிய இடம் ஊசியின் கீழ் வரும்வரை காத்திருப்பதும், ஊசி ஓரிடத்திலிருந்து மற்றோரிடம் நகர்வதும் சேர்ந்தால், சிதறிக்கிடக்கும் சிறு விவரங்களில் வினாடிக்கு ஏறக்குறைய நூறைத்தான் எடுக்க முடியும். விண்டோஸ் தொடங்கும்பொழுது இத்தகைய சிறு விவரங்கள் பல்லாயிரம் தேவைப்படுகின்றன. எஸ்.எஸ்.டி. என்னும் சேமிப்பில் சுழலும் பாகமே கிடையாது. அது வினாடிக்குப் பல்லாயிரம் விவரங்களை எடுத்துக் கொடுக்கும். ஆகவே ஹார்ட் டிஸ்க் இருந்த இடத்தில் 2.5 அங்குல ஸாட்டா எஸ்.எஸ்.டி. ஒன்றைப் பொருத்தினால், அதே ப்ராஸஸரோடு அதே யந்திரம் ஒரு நிமிஷத்துக்குள் தயாராவதைக் காணலாம். 256 ஜி.பி. அளவு கணக்கு வேலைக்குத் தாராளம். அதற்கு ஆகும் செலவு புதிய யந்திரத்தின் கிரயத்தில் சிறு பங்கே.

ரேம் விஷயத்தில் சற்று நிதானம் வேண்டும். பிரௌசரில் நாலைந்து பக்கங்களைத் திறந்தவுடன் 4 ஜி.பி. நிறைந்துவிடுகிறது; 8 ஜி.பி. ஆக்கினால் நன்மை தெரியும். ஆனால் 2014-ஆம் வருஷத்து யந்திரத்தில் செருகுவது டி.டி.ஆர்.3 வகை. அதன் வெட்டு வேறிடத்தில் இருப்பதால் டி.டி.ஆர்.4 அதில் பொருந்தாது. இதுவும் பிற்காலத்து யந்திரத்தில் பொருந்தாது. எஸ்.எஸ்.டி.யை நாளை வேறு யந்திரத்துக்கு மாற்றிக்கொள்ளலாம், டி.டி.ஆர்.3 ரேமில் போட்ட பணமோ அந்தப் பெட்டியோடு முடிந்துபோகும். பழைய யந்திரத்தில் செலவு செய்பவர், அடுத்த யந்திரத்துக்கும் உடன் வரக்கூடிய சாமானில் தாராளமாகவும் வராத சாமானில் சிக்கனமாகவும் இருக்கலாம். பழைய யந்திரங்களிலிருந்து கழற்றிய டி.டி.ஆர்.3 குறைந்த விலைக்குக் கிடைத்தால் மாத்திரம் வாங்குவது உசிதம்.

வியாதியே அல்லாத சில சில்லறைக் கோளாறுகளும் யந்திரத்துக்குச் சாவோலை எழுதிவிடுகின்றன. அரசாங்க வலைத்தளத்தையோ பாங்கியையோ திறந்தால் ‘பாதுகாப்பற்றது’ என்று திரை எச்சரிக்கிறது. யந்திரம் கெட்டுவிட்டது என்று வீட்டார் எண்ணுகிறார்கள். மூலையிலுள்ள தேதியைப் பார்த்தால் பல வருஷம் பின்னே நிற்கும். மதர்போர்டிலுள்ள சி.ஆர்.2032 என்னும் 3 வோல்ட் வில்லை பாட்டரி தீர்ந்துபோனதே காரணம். புதியது ஒன்றைப் போட்டுத் தேதியைத் திருத்தினால் போதும். களத்துக்கோ நெல் அரைக்கும் மில்லுக்கோ அருகிலுள்ள வீடுகளில் உமித்தூசு காற்றாடியிலும் அதன் கீழுள்ள அலுமினியத் துடுப்புகளிலும் அடைந்து, சூடு தாங்காமல் ப்ராஸஸர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மின்சார இணைப்பைக் கழற்றி, காற்றாடி சுழலாதபடி விரலால் பிடித்துக்கொண்டு மென்மையான தூரிகையால் தூசைத் தட்டி, ப்ராஸஸர் மேல் உலர்ந்துபோன பசையை மாற்றினால் இரைச்சலும் அடங்கும், வேகமும் திரும்பும். மின்சாரம் போனவுடன் அணைந்துவிடும் யந்திரத்தில் குறை பெரும்பாலும் யூ.பி.எஸ். பாட்டரியிலேயே, அதன் ஆயுள் சாதாரணமாக இரண்டு முதல் நான்கு வருஷம். மதர்போர்டில் கெப்பாஸிட்டர்களின் தலை உப்பியிருந்தால் மட்டும் விஷயம் வேறு. இத்தனை வயதான போர்டுக்கு அந்தச் செலவு தகாது.

இதுவரை கூறியவை எல்லாம் உடலைச் சேர்ந்தவை. யந்திரத்துக்கு உண்மையான எல்லை வேறோரிடத்தில் இருக்கிறது. விண்டோஸ் 10-க்கு இலவசமாக அளித்து வந்த பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோஸாப்ட் கம்பெனி 2025 அக்டோபர் 14-ந் தேதியோடு நிறுத்தியது. பதிவு செய்துகொள்ளும் வீட்டு யந்திரங்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை தவணை தருவதாக அறிவித்தது. திருத்தம் நின்றவுடன் யந்திரம் நின்றுவிடாது. கணக்கு எழுதும், அச்சடிக்கும். ஆனால் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைப்பார் இல்லை. பாங்கிக் கணக்கும் கையொப்பமும் புழங்கும் யந்திரத்தில் இது வேலியில்லாத வயலை அறுவடைக் காலத்தில் விட்டுவைப்பதாகும்.

விண்டோஸ் 11-க்கு ஏறலாமெனில், அதற்கு 4 ஜி.பி. ரேம், 64 ஜி.பி. சேமிப்பு, டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு உறுப்பு, அங்கீகரிக்கப்பட்ட ப்ராஸஸர் ஆகியவை வேண்டும். இன்டெலில் சில விலக்குகள் நீங்கலாக எட்டாந்தலைமுறையும் அதற்குப் பிந்தியவையுமே அங்கீகாரம் பெற்றவை. கோர் வரிசையில் தலைமுறையைப் பெயரிலேயே படிக்கலாம்: ஐ3-4130 என்பதில் முதல் இலக்கம் 4, ஆகவே நான்காவது, ஐ5-8400 எட்டாவது, ஐ5-10400 பத்தாவது. தடையை ஏமாற்றி விண்டோஸ் 11-ஐ ஏற்றிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அப்படி ஏற்றிய யந்திரத்துக்குத் திருத்தங்கள் தொடர்ந்து வருமென்று கம்பெனி உறுதி கூறுவதில்லை. பணப் புழக்கமுள்ள இடத்துக்கு அது ஏற்றதன்று.

மற்றொரு வழி லினக்ஸ். லினக்ஸ் மின்ட் போன்றவை 4 ஜி.பி. ரேமில் அடக்கமாக ஓடும்; விலையில்லை; தமிழ்99 விசைப்பலகையும் லிப்ரே ஆபீஸ் கணக்கேடும் அதில் உண்டு. யந்திரத்தில் ஏற்றுவதற்கு முன் பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம். பிரின்டர் அச்சடிக்கிறதா, பாங்கித் தளம் திறக்கிறதா, வழக்கமான கணக்கேடுகள் கலையாமல் தெரிகின்றனவா என்று ஒரு வாரம் பார்த்த பிறகே பழையதை அகற்ற வேண்டும். டாலி, கைரேகைக் கருவி, டிஜிட்டல் கையொப்பச் சாவி இவற்றை நம்பியிருப்பவர்கள் மேலும் எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும். இவை விண்டோஸையே எதிர்பார்ப்பது வழக்கம்.

நமது குடியானவரின் வேலைக்கு ஒரு எஸ்.எஸ்.டி.யும், சோதித்துப் பார்த்தபின் லினக்ஸும் போதும். மோட்டாருக்கு வைத்த பணம் மோட்டாருக்கே இருக்கட்டும். மகளின் தேவை இதனோடு சேர்த்து எண்ணத்தக்கதன்று. செயற்கைக்கோள் படங்களை வைத்து நிலப்படம் வரையும் க்யூ.ஜி.ஐ.எஸ். போன்ற நிரல்களுக்கு 8 ஜி.பி.க்குக் குறையாத ரேமும், விடுதிக்கு எடுத்துச் செல்லக்கூடிய யந்திரமும் வேண்டும். மேஜைக் கம்ப்யூட்டரைப் புதிதாக வாங்கினால், தகப்பனாருக்குத் தேவைக்கு மேற்பட்டதும் மகளுக்குப் பயன்படாததுமான ஒரு பெட்டி கூடத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும். இரண்டு தேவைகளை ஒரு குறையாக எண்ணுவதனாலேயே பல வீடுகளில் இத்தவறு நேர்கிறது.

இதே யந்திரம் ஒரு தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கத்தில் இருக்குமாயின் தீர்ப்பு நேர்மாறாகும். அங்கே புழங்குவது உறுப்பினர்களின் பணம். கைரேகைக் கருவியும் கையொப்பச் சாவியும் அன்றாடம் வேண்டும். குறுவை விதைப்புச் சமயத்தில் யந்திரம் ஒரு நாள் நின்றால் கடனுக்கு வந்தவர்கள் வெறுங்கையோடு திரும்புவார்கள். திருத்தம் நின்றுபோன யந்திரத்துக்கு அங்கு ஒரு ரூபாயும் செலவழித்தல் ஆகாது.

புதியது வாங்கினால் மின்சாரம் மிச்சமாகும் என்று கடையில் சொல்வதுண்டு. கணக்கிட்டுப் பார்க்கலாம். புதிய சிறு யந்திரம் 40 வாட் குறைவாக எடுப்பதாகவும், நாளொன்றுக்கு 5 மணி நேரம் ஓடுவதாகவும் கொண்டால், ஒரு வருஷத்தில் மிஞ்சுவது 73 யூனிட். எந்த விகிதத்தில் கணக்கிட்டாலும் அது சில நூறு ரூபாயைத் தாண்டாது. யந்திரத்தின் விலை அதிலிருந்து வசூலாக வேண்டுமானால் பேரப்பிள்ளைகள் காலம் வரை காத்திருக்க வேண்டியதுதான்.

வாங்கியே ஆக வேண்டுமென்று முடிவானவர்கள், ஆபீசுகளிலிருந்து கழித்து விற்கப்படும் யந்திரங்களையும் பார்க்கலாம்; ஆனால் ப்ராஸஸர் எண்ணை மேற்சொன்னவாறு படித்துப் பார்க்காமல் முன்பணம் கொடுக்கக்கூடாது. கழித்த பெட்டியைக் குப்பைமேட்டில் போடுவதும், செம்புக்காக ஒயர்களை எரிப்பதும் தவறு. அந்தப் புகை நஞ்சு. 2023 ஏப்ரல் 1-ந் தேதி அமலுக்கு வந்த மின்னணுக் கழிவு விதிகளின்படி பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் சேர்ப்பிக்க வேண்டும். பெட்டியைக் கொடுக்கும்பொழுது ஹார்ட் டிஸ்கைக் கழற்றிக்கொள்க. கோப்புகளை அழித்துவிட்டாலும் அவற்றை மீட்டெடுப்பது அறிந்தவர்களுக்குக் கடினமன்று. கழற்றிய டிஸ்கின்மேல் தேதியும் அதிலுள்ள கணக்கின் விவரமும் எழுதி ஒட்டி, ஈரம் படாத அலமாரியில், பத்திரங்களோடு வைத்துக்கொள்ளலாம்.