கடையில் பேசுவதுபோல் மேடையிலும் பேசுவோம்

கல்லாவில் நாள் முழுவதும் பேசும் நமக்கு மைக்கைக் கண்டால் நா வறள்கிறது. ஒருமுறை அதிகாரி முன் நம் கோரிக்கையை எழுதிவைத்து மளமளவென்று படித்தேன். அவர் நிமிரவே இல்லை, கோரிக்கையும் போயிற்று.

விருதுநகரில் மாமாவின் ஜவுளிக்கடையில் நின்றவர் காமராஜர். அதிகம் படிக்காதவர், 1954இல் முதலமைச்சரானார். மேடையிலும் சின்னச் சின்ன வாக்கியமாகப் பேசினார்; பாமரருக்கும் புரிந்தது.

நாமும் ஒரே செய்தியை எடுத்துக்கொண்டு, அதற்கு ஒரு கணக்கைச் சொல்வோம். வாடிக்கையாளர் முகம் பார்ப்பதுபோல் கூட்டத்தின் முகம் பார்ப்போம். புரியவில்லையென்றால் வேறுவிதமாகச் சொல்வோம்.

பழகுவதற்கு அய்யனார் கோவில் ஆற்றங்கரை நல்ல இடம். தண்ணீர் ஓடும் நாளில் நண்பரைப் பத்தடி தள்ளி நிறுத்திப் பேசுங்கள். நீரோசையிலும் கேட்டு அவர் திருப்பிச் சொன்னால் தேறிவிட்டீர்கள்.