அற்புதங்களும் அளவையும்

சைவ மாணாக்கர் தம் ஆசிரியரை வினாவும் வினாக்களுள் ஒன்று, பிற சமயத்தார் கூறும் அற்புதங்கள் மெய்யோ பொய்யோ என்பது. இறக்குவானை முதலிய சப்பிரகமுவத் தோட்டங்களிலே, சைவரும் கத்தோலிக்கரும் ஒரே லயத்தில் அயலவராய் வாழ்தலின், இவ்வினா எழாதொழியாது. பொய்யென நகைத்து விடுதல் எளிது, அது விடையாகாது. சித்தாந்த நூலார் காட்சி, கருதல், உரை என அளவைகளை வகுத்தனர். அருணந்தி சிவாசாரியார் சிவஞானசித்தியார் பரபக்கத்திலே பிறர் கொள்கையை முன்னர் எடுத்துரைத்துப் பின்னரே மறுத்தார். அம்முறை பற்றி, இலங்கைச் சரித்திரத்தினின்றே ஓர் உதாரணத்தை எடுத்து ஆராய்வாம்.

கோவாவிற் பிறந்த யோசேவாஸ் முனிவர், ஒல்லாந்தர் கத்தோலிக்கரை ஒடுக்கிய காலத்திலே, 1687இல் யாழ்ப்பாணத்துக்கு வந்தார். 1692இற் கண்டிக்குச் சென்று, போர்த்துக்கேயரின் ஒற்றரென ஐயுறப்பட்டுச் சிறையிடப்பட்டார். 1696இல் அந்நாட்டிலே மழையின்றிப் பஞ்சமுண்டாக, இரண்டாம் விமலதருமசூரிய மன்னன் வேண்டுகோட்படி அவர் சிலுவை நாட்டிச் செபித்தாரென்றும், பெருமழை பெய்ததென்றும், அவரும் பீடமும் மாத்திரம் நனையவில்லையென்றும் கத்தோலிக்கர் கூறுவர்.

இதற்குச் சான்று யாது? அவர் சரித்திரத்தை விரித்தெழுதிய செபஸ்தியாம் தொ றேகோ என்பார் கோவாவிலிருந்த அச்சபைக் குரு. அவர் நூல் 1745இல் லிஸ்பன் நகரில் அச்சாயிற்று. நிகழ்ச்சிக்கும் நூலுக்கும் இடையே 49 ஆண்டுகள் கழிந்தன. இலங்கையிற் பணிசெய்த குருமாரின் கடிதங்கள் அவர்க்குத் துணையாயின. ஆயினும், எழுதினவரும் கடிதம் விடுத்தவரும் ஒரே சபையினர். சூளவம்சம் அம்மன்னன் தலதா மாளிகை கட்டியதையும், அரக்கானிலிருந்து பிக்குகளை வருவித்ததையும் கூறும், இம்மழையைக் கூறாது. எனினும், பௌத்த நூலாசிரியர் பாதிரியாரின் புகழைப் பாடக் காரணமின்மையின், அவரது மௌனம் மறுப்பாகாது.

இனி, மூன்று செய்திகளைப் பிரித்தறிதல் வேண்டும். மன்னன் அவர்க்குச் சமயப்பணி செய்ய இடங்கொடுத்தான் என்பது ஒன்று. கண்டி நாட்டிற் கத்தோலிக்க சபை பின்னர் வளர்ந்தமையால் அது வலிமையுறும். வறட்சியின் பின் மழை பெய்தது என்பது மற்றொன்று, அது நிகழத்தக்கதே. செபத்தினால் மழை பெய்தது என்பது மூன்றாவது. அது கண்ணாற் காணப்படுவதன்று; கண்டதிலிருந்து கருதப்படுவது. பருவமழையை நன்கறிந்த நம் பிள்ளைகளுக்கு, ஒன்றன் பின் ஒன்று நிகழ்தல் வேறு, ஒன்றால் ஒன்று நிகழ்தல் வேறு என்பதை விளக்குதல் அரிதன்று.

சுவிசேஷ அற்புதங்களையும் இவ்வாறே ஆராய்க. இயேசு இறந்தது ஏறக்குறைய 30ஆம் ஆண்டு. பவுல் கொரிந்தியர்க்கு எழுதிய முதல் நிருபம் ஏறக்குறைய 55ஆம் ஆண்டினது. உயிர்த்த இயேசு கேபாவுக்கும் யாக்கோபுக்கும் ஐந்நூற்றின் மேற்பட்டோர்க்கும் தோன்றினாரென அஃது உரைக்கும். பவுல் அவ்விருவரையும் நேரிற் கண்டவராதலின், இச்சான்றை இழித்தல் நேர்மையன்று. ஆயின், அவ்வைந்நூற்றுவருள் ஒருவர் வாக்கேனும் தனித்து நமக்குக் கிடைத்திலது. சுவிசேஷங்கள் 70 முதல் 100 வரையிலான ஆண்டுகளில் எழுந்தனவென்பர் ஆராய்ச்சியாளர் பலர். சாட்சிகள் துன்பத்துக்கும் அஞ்சாது தம் வாக்கில் நின்றனரென்பது 1794இல் நூல் வெளியிட்ட வில்லியம் பேலியின் வாதம். இயற்கை மாறிற்றென்பதினும் சாட்சி பிழைத்ததென்பதே நம்பத்தக்கது என்பது 1748இல் எழுதிய டேவிட் ஹியூமின் வாதம். மிஷன் பாடசாலையிற் பயின்ற எம்போல்வார் முன்னதை மாத்திரம் கேட்டல் கூடும்; நம் மாணாக்கர் இரண்டையும் கேட்கக்கடவர். சீடர் உண்மையாக நம்பினர் என்னுமளவும் சரித்திரம் செல்லும். அந்நம்பிக்கையின் காரணம் இறைவன் செயலே என நிறுவுதல் அதன் எல்லைக்குப் புறம்பானது.

இங்கே நம்மவர் ஒன்றை மறவாதிருத்தல் வேண்டும். திருஞானசம்பந்தர் 7ஆம் நூற்றாண்டினர். அவர் அனலினும் புனலினும் ஏடிட்டு வென்றமையை விரித்துரைத்த சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டினர். 49 ஆண்டு இடையீட்டைக் குற்றமென்பார் ஐந்நூறு ஆண்டு இடையீட்டுக்கு யாது கூறுவர்? பிறர்க்கு ஒரு கோல், நமக்கு ஒரு கோல் என்று அளப்பின், இன்று அயலானை நகைக்கக் கற்ற பிள்ளை நாளை பெரியபுராணத்தையும் நகைக்கும். அப்போது அவனைத் தடுத்தற்கு நம்மிடம் நியாயம் இராது.

சைவத்தின் அடித்தளம் அற்புதக் கதையன்று. சிவஞானபோதத்து முதற் சூத்திரம் உலகின் தோற்றம் நிலை இறுதிகளைக் கொண்டு கருதலளவையால் இறையுண்மையை நிறுவுகின்றது. அடியார் வரலாறுகளோ அன்பின் திறத்தை உணர்த்துவன. அவற்றைப் பத்தியோடு ஓதுவிப்போம்.

ஆசிரியர் கரும்பலகையில் எழுதத்தக்க வினாக்கள் நான்கு: கண்டவர் யார்? எழுதியது எப்போது? வேறு பக்கத்தார் உரைத்தனரா? கண்டது எது, கருதியது எது? எச்சமயக் கதைக்கும் இந்நான்கையும் இடுக.

ஒன்று கூறி முடிப்பாம். 1697இற் கண்டியில் வைசூரி பரவியபோது, பலர் நோயாளரைக் கைவிட்டோட, யோசேவாஸ் முனிவரும் அவர் துணைவர் கர்வாலோவும் அங்கிருந்து அவர்களைப் பேணினர். 2015இல் பாப்பரசர் பிரான்சிஸ் காலிமுகத்திடலிலே அவர்க்குப் புனிதர் பட்டம் அளித்தபோது, வழக்கமாக வேண்டப்படும் இரண்டாவது அற்புதத்தை வேண்டாது விடுத்தார். மழையைப் பற்றி வாதிடுவார் வாதிடுக. நோயாளர்க்குச் செய்த பணியை எச்சமயத்து ஆசிரியரும் தம் மாணாக்கர்க்கு ஐயமின்றிச் சொல்லலாம். அயலவன் சமயத்திலுள்ள நன்மையை ஒளியாது உரைத்தலும் சைவ ஆசிரியர் கடனேயாம்.