மாடியில் வேலை செய்பவரையும் கேளுங்கள்

அன்புள்ள இளம் ஆய்வாளருக்கு,

1971 கோடையில் ஜேனட் மெர்ட்ஸ் என்ற ஆராய்ச்சி மாணவி, நியூயார்க் மாநிலத்தின் கோல்ட் ஸ்பிரிங் ஹார்பரில் ஒரு பயிற்சி வகுப்பில் தம் ஆய்வுக்குழுவின் திட்டத்தை விவரித்தார். குரங்குகளிடம் காணப்படும் எஸ்.வி.40 வைரஸின் டி.என்.ஏ.வை ஈ.கோலை பாக்டீரியாவுக்குள் செலுத்த வேண்டும். அந்த வைரஸ் ஹாம்ஸ்டர்களுக்குப் புற்றுக்கட்டியை உண்டாக்கக்கூடியது, ஈ.கோலையோ நம் குடலிலேயே குடியிருப்பது. வகுப்பில் இருந்த ராபர்ட் போலாக் பதறிப்போய், மாணவியின் பேராசிரியர் பால் பெர்க்கை ஸ்டான்ஃபோர்டில் தொலைபேசியில் அழைத்தார்.

பெர்க்குக்கு முதலில் கோபம்தான் வந்தது. பிறகு பலரிடம் விசாரித்தார். ஆபத்து துளியும் இல்லை என்று உறுதி சொல்ல யாராலும் முடியவில்லை. சோதனையை ஒத்திவைத்தார்.

உங்கள் துறையில் இதைவிடத் துணிச்சலான செயல் அதிகம் இல்லை. 1974இல் அவரும் சக விஞ்ஞானிகளும் சிலவகை மரபணு இணைப்புச் சோதனைகளை நிறுத்திவைக்கும்படி உலகத்தையே கேட்டுக்கொண்டார்கள். 1975 பிப்ரவரியில் கலிஃபோர்னியாவின் அசிலோமரில் கூடி, ஆபத்துக்கேற்ற காப்பு என்ற விதியோடு வேலையைத் தொடரலாம் என்று முடிவெடுத்தார்கள். ஆய்வகத்துக்கு வெளியே பிழைக்க முடியாத பாக்டீரியாவைப் பயன்படுத்துவது அந்தக் காப்புகளில் ஒன்று. அனுபவம் சேரச் சேர விதிகளும் தளர்ந்தன. ஆனால் உயிரி ஆயுதங்களைப் பற்றி அங்கே பேசாமல் விட்டார்கள். அது பெரிய குறை.

இந்த நிதானத்தால் மருந்து நின்றுபோகவில்லை. அதுவரை பன்றி, மாட்டுக் கணையத்திலிருந்து எடுக்கப்பட்ட இன்சுலினின் மனித வடிவத்தைப் பாக்டீரியாவில் தயாரித்துவிட்டதாக 1978 செப்டம்பரில் ஜெனென்டெக் அறிவித்தது. 1982இல் அமெரிக்கா அதற்கு அனுமதி தந்தது.

அதே 1978 செப்டம்பரில் இங்கிலாந்தின் பர்மிங்காமில் ஜேனட் பார்க்கர் பெரியம்மையால் இறந்தார். இயற்கையாக அந்நோய் கண்ட கடைசி மனிதர் முந்தைய ஆண்டே சோமாலியாவில் பிழைத்துக்கொண்டார். பார்க்கர் விஞ்ஞானி அல்லர், மருத்துவப் புகைப்படக் கலைஞர். அவர் வேலை செய்த இடத்துக்குக் கீழ்த்தளத்தில் பெரியம்மை ஆய்வகம் இருந்தது. கிருமி எந்த வழியாக அவரை எட்டியது என்ற கேள்விக்கு இன்றுவரை தீர்வில்லை. உயிர்த் தொழில்நுட்பத்தின் பலனை எண்ணும்போது இன்சுலின் போட்டுக்கொள்ளும் கோடிக்கணக்கானோர் எளிதாக நினைவுக்கு வருவார்கள். பார்க்கரைப் போன்றவர்கள் அப்படி வருவதில்லை, அவர்களை நீங்கள்தான் தேடிப்போய் நினைக்க வேண்டும்.

இந்தியாவில் 1989ஆம் ஆண்டு விதிகளின்படி, மரபணு மாற்ற ஆய்வு செய்யும் ஒவ்வொரு நிறுவனத்திலும் உயிரியல் பாதுகாப்புக் குழு இருக்க வேண்டும். அந்தக் குழுவுக்குத் தரும் விண்ணப்பத்தைப் பழைய கோப்பிலிருந்து பார்த்து எழுதிக் கொடுக்காதீர்கள். கண்ணாடிக் குடுவைகளைக் கழுவுபவர், கழிவுப் பைகளை இறக்குபவர், மாடியில் வேலை செய்பவர் ஆகியோரிடம் உங்கள் சோதனையைத் தமிழில் விளக்கிச் சொல்லுங்கள். அவர்கள் கேட்பதற்கு உங்களிடம் பதில் இல்லாவிட்டால், அந்தக் கேள்வியையும் விண்ணப்பத்தோடு சேர்த்துக் குழுவுக்கு அனுப்புங்கள்.