சீரற்ற பரப்பில் பிடி நழுவாமல்: ரோபோ கைக்கு எந்த நெகிழ்வு பொருந்தும்?

நல்ல ரோபோ கை ஒரே புள்ளிக்கு எத்தனை முறை சென்றாலும் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட விலகாது. அது எடுக்கவேண்டிய சரக்கிடம் அந்த ஒழுங்கை எதிர்பார்க்க முடியாது. அட்டைப்பெட்டி அமுங்கியிருக்கும், மூட்டை ஒரு பக்கம் சரிந்திருக்கும், தகட்டு அடுக்கின் ஒரு மூலை தூக்கியிருக்கும். நிரலில் கொடுத்த உயரத்தைவிடச் சரக்கு 5 மி.மீ. மேலே இருந்தால், கை அதை நசுக்கும் அல்லது மோதல் அலாரம் கொடுத்து நின்றுவிடும். 5 மி.மீ. கீழே இருந்தால், கையின் முனையில் சரக்கை உறிஞ்சிப் பிடிக்கும் வேக்குவம் கப் வெறும் காற்றை உறிஞ்சும்.

இன்னும் துல்லியமான ரோபோ வாங்கினாலும் இந்தச் சிக்கல் தீராது. கைக்கும் சரக்குக்கும் நடுவில் எங்காவது விட்டுக்கொடுக்கும் தன்மை வேண்டும். அதை எங்கே வைப்பது என்பதுதான் தேர்வு.

வாங்கும் முன் அளவெடுங்கள்

அடுக்கின் மேல், நடு, அடி ஆகிய மூன்று நிலைகளிலும் சரக்கின் நான்கு மூலைகளின் உயரத்தை அளந்து எழுதுங்கள். உயரம் மட்டும் மாறுகிறதா, பரப்பும் சாய்கிறதா, பரப்பு சொரசொரப்பாகவோ காற்று கசிவதாகவோ இருக்கிறதா, சரக்கு கிடக்கும் இடமே மாறுகிறதா என்று பிரித்துப் பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு.

பெல்லோஸ் கப்

மடிப்புள்ள ரப்பர் கப் இது. ஒன்றரை மடிப்பு லேசான சாய்வைத் தாங்கும். இரண்டரை மடிப்பு அதைவிட அதிகச் சாய்வையும் உயர வேறுபாட்டையும் தாங்கும். வேக்குவம் ஏறியதும் மடிப்பு சுருங்கிச் சரக்கைச் சற்று மேலே இழுக்கும். ஒட்டிக்கிடக்கும் மெல்லிய தகடுகளைப் பிரிக்க இது பெரிய உதவி. ஆனால் மடிப்பு கூடக்கூடப் பக்கவாட்டு ஆட்டமும் கூடும். வேகமாகத் திரும்பும் கையில் கனமான சரக்கை இரண்டரை மடிப்புக் கப்பில் மட்டும் தொங்கவிடக் கூடாது.

ஸ்பிரிங் தண்டு

கப்புக்கு மேலே ஸ்பிரிங் வைத்த தண்டு உயர வேறுபாட்டுக்கு ஏற்றது. ஒரே சட்டத்தில் பல கப்புகள் இருந்தால், ஒவ்வொன்றும் தனித்தனியே இறங்கிப் பரப்பைத் தொடும். சாய்வுக்கு இது மட்டும் போதாது; தண்டின் முனையில் பந்து மூட்டு சேர்க்க வேண்டும். தண்டு தேய்ந்து சிக்கிக்கொள்வது இதன் வழக்கமான கோளாறு. பராமரிப்புப் பட்டியலில் அதற்கு ஓர் இடம் கொடுங்கள்.

ஃபோம் கிரிப்பர்

அகலமான ஃபோம் பரப்பில் நிறையத் துளைகள் இருக்கும். சரக்கு மூடாத துளைகளில் காற்றோட்டத்தைச் சிறு வால்வுகள் தடுத்துவிடும். மரப்பலகை, இடைவெளி விட்டு அடுக்கிய பெட்டிகள், சொரசொரப்பான பலகைகள் ஆகியவற்றுக்கு இது நல்லது. காற்று அதிகம் குடிக்கும், தூசி அடைக்கும், ஃபோம் கிழியும்.

தொட்டதும் நிற்கும் தேடல்

அடுக்கின் உயரம் பல சென்டிமீட்டர் மாறினால் ஸ்பிரிங்கின் நீளம் போதாது. தண்டு அமுங்குவதை உணரும் ஒரு சாதாரண சென்சாரை வைத்து, கை மெதுவாக இறங்கித் தொட்டதும் நிற்கும்படி எழுதலாம். ஏபிபி ரோபோக்களின் சர்ச்எல் கட்டளையும் ஃபானுக் ரோபோக்களின் ஸ்கிப் கட்டளையும் இதற்கு உதவும். செலவு குறைவு. கடைசி இறக்கத்தில் வேகத்தைக் குறைப்பதால் சுற்று நேரம் கூடும்.

விசை சென்சாரும் மென்பொருள் நெகிழ்வும்

மணிக்கட்டில் பொருத்தும் ஆறு அச்சு விசை சென்சார், எந்தத் திசையில் எவ்வளவு அழுத்தம் என்பதைச் சொல்லும். அழுத்தினால் உடையும் சரக்குக்கும், எடுத்த பொருளை இன்னொன்றில் பொருத்தும் வேலைக்கும் இந்தச் செலவு தகும். பெட்டி எடுப்பதற்கு மட்டும் என்றால் தகாது.

ஃபானுக்கின் சாஃப்ட் ஃப்ளோட், ஏபிபியின் சாஃப்ட்மூவ் போன்ற மென்பொருள் வசதிகள் கையின் விறைப்பையே தளர்த்துபவை. வார்ப்பு இயந்திரம் பொருளை வெளியே தள்ளும்போது கை அதோடு சேர்ந்து நகர வேண்டிய இடத்தில் இவை சிறக்கும்.

முப்பரிமாணக் கேமரா

பெட்டிக்குள் தாறுமாறாகக் கிடக்கும் பாகங்களுக்கும் பல அளவுப் பெட்டிகள் கலந்த பேலட்டுக்கும் இது தேவை. எண்ணெய் பூசிப் பளபளக்கும் உலோகத்தில் ஒளி கண்ணாடியில்போல் பிரதிபலித்து அளவு தடுமாறும். கேமரா இருந்தாலும் கடைசிச் சில மில்லிமீட்டருக்கு நெகிழ்வான கப் வேண்டும்.

எதற்கு எது?

- சில மி.மீ. உயர வேறுபாடு, லேசான சாய்வு: பெல்லோஸ் கப்
- அகலமான சரக்கில் அதிக உயர வேறுபாடு: ஸ்பிரிங் தண்டும் பெல்லோஸ் கப்பும்
- சொரசொரப்பு, இடைவெளி: ஃபோம் கிரிப்பர்
- குறைந்துகொண்டே வரும் அடுக்கு: தேடல் முறை
- உடையும் சரக்கு, பொருத்தும் வேலை: விசை சென்சார்
- இடமே மாறும் சரக்கு: கேமரா

கணக்கும் காவலும்

50 மி.மீ. விட்டமுள்ள கப் 0.6 பார் வேக்குவத்தில் ஏறத்தாழ 118 நியூட்டன், அதாவது 12 கிலோ எடையைத் தாங்கும் விசையைத் தரும். இது காகிதக் கணக்கு. நேராக மேலே தூக்கும்போதே குறைந்தது இரு மடங்கு பாதுகாப்பு வேண்டும் என்பதால் 6 கிலோ என்றே வையுங்கள். பக்கவாட்டு வேகம், எண்ணெய்ப் பரப்பு, செங்குத்தாகப் பிடித்தல் என்றால் இன்னும் குறையுங்கள். வேக்குவம் ஏறியதை ஸ்விட்ச் உறுதி செய்யாமல் கை தூக்கக் கூடாது. மின்சாரமோ காற்றோ நின்றாலும் பிடி உடனே விடாதபடி தடுப்பு வால்வு இருக்கட்டும். தொங்கும் சரக்கின் கீழே தொழிலாளி நடக்கும் வழி வேண்டாம்.

எந்தக் கட்டத்திலும் ரப்பரும் ஸ்பிரிங்கும் தீர்க்கும் வேலையை முதலில் அவற்றிடம் விடுங்கள். அவற்றின் எல்லையை உங்கள் அளவுத்தாள் காட்டிய பிறகே சென்சாருக்கும் கேமராவுக்கும் பணம் ஒதுக்குங்கள்.